பாரை மூடினா ரோட்டுல சாவு குறையுமா? அடுத்த பார் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் படிச்சேன். உங்க தோட்டத்துக்குக் கீழ பஸ் நிக்கிற சந்தியில ஒரு பார் இருக்கு, நீங்க குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்துல இருந்து தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில இறங்கினா இருபது நிமிஷ நடை. மாதர் சங்கத்துல அத மூடச் சொல்லி கையெழுத்து வாங்குறாங்க, மனுவுல முதல் வரியே "பாரை மூடினா ரோட்டு விபத்து குறையும்"னு எழுதியிருக்காங்க. ஆட்டோ ஓட்டுற உங்க அண்ணன் அதுக்கு நேர் எதிரா சொல்றார், மூடினா எல்லாரும் பதினோரு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போய் குடிச்சிட்டு வருவாங்க, இப்ப இருக்கிறத விட கூடத்தான் சாவாங்கன்னு. ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி, நான் கையெழுத்து போடவா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் உங்க கேள்வியோட அடி இதுதான்: குடிக்கிற இடத்தத் தள்ளி வச்சா குடிச்ச ஆள் ரோட்டுல இருக்கிற நேரம் குறையுமா கூடுமா. குடி நல்லதா கெட்டதாங்கிறத நீங்க கேக்கல, அது உங்களுக்கே தெரியும்.

நான் இருபத்தாறு வருஷம் நர்ஸா வேல செஞ்சவ, பாதிக்கு மேல அவசர சிகிச்சைப் பிரிவுலயும் சத்திரசிகிச்சை வார்ட்லயும், எல்லாமே மலையகத்து ஆஸ்பத்திரிதான். பொறந்ததும் லயத்துலதான். அதனால இந்த விசயத்துல பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன், ஆனா ஒன்ன முதல்லயே சொல்லிடணும், எங்ககிட்ட வந்தவங்களத்தான் நாங்க பாத்தோம். குடிச்சிட்டு பத்திரமா வீட்டுக்குப் போய் படுத்தவன நான் ஒருநாளும் பாத்ததில்ல, ஸ்பாட்லயே போனவங்களயும் பெரும்பாலும் பாத்ததில்ல, அவங்க நேரா பிரேத அறைக்குப் போயிடுவாங்க. வார்ட்ல நின்னு பாத்தா எல்லா விபத்துக்கும் சாராயம்தான் காரணம்னு தோணும், அந்தத் தோற்றத்த மட்டும் நம்பி உங்களுக்குப் பதில் சொல்லக் கூடாது. அதனாலதான் மத்த நாடுகள்ல எண்ணிப் பாத்தவங்க சொன்னதையும் சேத்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்குங்க.

சந்தேகமே இல்லாத விசயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். கால் போத்தல் சாராயம்னா 180 மில்லி, அதுல மதுசாரம் 33 சதவீதத்துக்கு மேல இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒரு ஆம்பள வெறும் வயித்துல அத வேகமா குடிச்சா 100 மில்லி இரத்தத்துல 100 மில்லிகிராமத் தாண்டிடும். நம்ம இலங்கை மோட்டார் வாகனச் சட்டத்துல பல வருஷமா இருந்து வந்த எல்லை 80. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்றது 50, புதுசா லைசன் எடுத்த இளம் பிள்ளைகளுக்கு 20. அதாவது "கால் போத்தல்தான் எடுத்தேன், நிதானமா இருக்கேன்"னு சொல்றவர் சட்டத்த ஏற்கனவே தாண்டிட்டார், அது அவருக்கே தெரியாது, ஏன்னா முதல்ல மங்குறது அந்த நிதானத்த அளக்குற புத்திதான். பியர்தானேங்கிறவங்களுக்கும் சொல்றேன், 8 சதவீதத்துக்கு மேல இருக்கிற ஸ்ட்ரோங் பியர் பெரிய டின் ரெண்டு குடிச்சா அது அந்தக் கால் போத்தல விட அதிகம். ஏறினது இறங்குற வேகம் மணித்தியாலத்துக்கு சுமார் 15 மில்லிகிராம், கடுங்கோப்பி குடிச்சாலும் தேசிக்காய் கடிச்சாலும் பைப்புக்குக் கீழ தலைய நீட்டினாலும் அது கூடாது. ராத்திரி பத்து மணிக்கு அரை போத்தல் முடிச்சவர் விடிய ஆறு மணிக்கு ஸ்கூல் வேன ஸ்டார்ட் பண்றப்பயும் எல்லைக்கு மேலதான் இருப்பார். இத யாருமே கணக்குல எடுக்கிறதில்ல, பொலிஸ் குடிச்சிருக்காங்களான்னு ஊதிப் பாக்க பலூன் குடுக்கிறது அந்தியிலயும் ராத்திரியிலயும்தான் கூட, காலைல கொழுந்து லொறியும் ஸ்கூல் வேனும் போற நேரத்துல அவ்வளவா நிக்கிறதில்ல.

நம்ம ரோட்டுக்கு இது இன்னும் மோசம். கொழும்புப் பக்கம் நேர் ரோட்டுல அரை செக்கன் பிந்தி பிரேக் பிடிச்சா முன்னால போற வண்டியில முட்டும், இங்க அரை செக்கன் பிந்தினா ரோடு முடிஞ்சிடும், கீழ தேயில, அதுக்குக் கீழ ஆறு. பென்டுல எதிர்ல வர்ற லைட்டு எவ்வளவு தூரம்னு மதிக்கணும், இறக்கத்துல கியர மாத்திப் பிடிக்கணும், பனிமூட்டத்துல ஓரத்து வெள்ளக் கோட்டப் பாத்து ஓட்டணும், இந்த மூனையும்தான் சாராயம் முதல்ல எடுத்துக்கும். நடந்து போறவங்களையும் மறந்துடக் கூடாது. குடிச்சிட்டு நடக்கிறவன் யாருக்கும் ஆபத்தில்லன்னு நினைப்போம், ஆனா நடைபாதையே இல்லாத ரோட்டுல கான் (தண்ணி ஓடுற வடிகால்) ஓரமா ராத்திரி எட்டு மணிக்கு ஆடி ஆடிப் போறவனையும் பென்டுலயே படுத்துத் தூங்கினவனையும் எத்தனையோ தரம் தூக்கிட்டு வந்திருக்காங்க.

இப்ப ஒரு ராத்திரிய சொல்றேன், இது என் மனசுல இருந்து போகாதது. 10ஆம் திகதி, சம்பள நாள். ஒரு தோட்டத்துச் சந்தியில இருந்த தவறணை, அதாவது சாராயக்கடை, மூடி சில மாசம் ஆயிருந்துச்சு, அதனால நாலு பேர் சேந்து ஒரு ஆட்டோ பிடிச்சு டவுனுக்குப் போயிருக்காங்க, ஆட்டோக்காரப் பையனும் சேந்து குடிச்சிருக்கான். திரும்பி வர்றப்ப தோட்டத்துக்கு ரெண்டு பென்ட் இருக்கிறப்ப குடைசாஞ்சிருச்சு. அதுல ஒருத்தருக்கு இடுப்பெலும்பு. அவரோட சம்சாரம் தகவல் கேட்டு இன்னொரு ஆட்டோவுல ஓடி வந்தாங்க, கூடவே ஒரு மஞ்ச பேக் வந்துச்சு, புருசன் டவுன்ல பிள்ளைகளுக்கு வாங்கினது, ஆறு அப்பியாசக் கொப்பி, ஒரு ஜோடி வெள்ள சப்பாத்து. அதே பேக்குல வீட்டுக்குன்னு வாங்கின போத்தலும் இருந்து உடைஞ்சிருக்கு. எக்ஸ்ரேக்குக் கொண்டு போன நேரம் பூரா அந்தம்மா வாங்குல உக்காந்து ஒவ்வொரு கொப்பியா எடுத்து, கண்ணாடித் துண்டத் தட்டிட்டு, முந்தானையால ஒவ்வொரு பக்கமா ஒத்தி ஒத்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வார்டே சாராய வாசம். அவங்க அழல, என்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னு: "மிஸி, இது காஞ்சா வாசம் போயிடுமா, நாளைக்கு இவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகணும்." அந்தத் தவறணைய மூடச் சொல்லி கையெழுத்து போட்டதுல தானும் ஒருத்தின்னு அப்புறமா அவங்களே சொன்னாங்க. அத மூடினது தப்புன்னு நான் சொல்ல வரல, ஒரு ராத்திரிய வச்சு அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனா உங்க அண்ணன் சொன்னது வெறும் வாய்ப் பேச்சில்ல, அப்படி நடக்கும், நான் பாத்திருக்கேன்.

அப்ப எண்ணிப் பாத்தவங்க என்ன சொல்றாங்க? ஊருக்கு ஊர் தனியா மதுவிலக்கு வைக்கிறது அமெரிக்காவுல பெரிய அளவுல இருக்கு. 1920ல இருந்து 1933 வரைக்கும் நாடு பூரா தடை இருந்து எடுத்ததுக்கு அப்புறம், விக்கிறதா வேணாமான்னு அந்தந்தப் பகுதி ஆட்களே வாக்குப் போட்டு முடிவெடுக்கிற வழக்கம் பல மாநிலங்கள்ல நிலைச்சிருச்சு. அதுல கென்டக்கி மாநிலத்த எடுத்து 2003ல வெளிவந்த ஒரு ஆய்வு, தடை இருக்கிற பகுதியில குடியிருக்கிறவங்கதான் குடி சம்பந்தப்பட்ட விபத்துல கூட மாட்டுறாங்க, அதுவும் வீட்ட விட்டுத் தூரத்துல மாட்டுறாங்கன்னு காட்டுச்சு. காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான், பக்கத்துப் பகுதிக்கு வண்டியில போய் குடிச்சிட்டு வண்டியிலயே திரும்புறாங்க. டெக்ஸாஸ்ல பாத்தவங்க 2001ல கொஞ்சம் வேற மாதிரி சொன்னாங்க, பியரும் வைனும் உள்ளூர்லயே விக்க விட்ட இடத்துல விபத்து குறைஞ்சிருக்கலாம், ஆனா கடுமையான சாராய வகை விக்கிற இடத்துல ஆபத்து கூடலாம்னு. ரெண்டையும் சேத்துப் பாத்தா, என்ன விக்கிறாங்கங்கிறதும் முக்கியம், அடுத்த கடை எங்கங்கிறதும் முக்கியம்.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் அதே நாட்டுலயே இருக்கு. அலாஸ்காவோட வட முனையில பரோன்னு ஒரு ஊர், இப்ப உட்கியாக்விக்னு பழைய பேர் வச்சிருக்காங்க. 1994ல மதுவ முழுசா தடை செஞ்சாங்க, 1995ல ஊர் வாக்கெடுப்புல தடைய எடுத்தாங்க, 1996ல திரும்பவும் போட்டாங்க. அங்க ஆஸ்பத்திரிக்குக் குடியால வர்றவங்க எண்ணிக்கை தடை போட்டப்ப இறங்கி, எடுத்தப்ப ஏறி, திரும்பப் போட்டப்ப திரும்ப இறங்குச்சு. இவ்வளவு தெளிவா ஒரு விசயத்துல காட்ட முடியுறது அபூர்வம். ஆனா அந்த ஊருக்கு வெளிய போக ரோடே கிடையாது, பிளேன்லதான் போகணும் இல்லன்னா கடல் உறையாத மாசத்துல கப்பல்ல. பக்கத்து ஊருக்குப் போய் குடிச்சிட்டு வர வழியே இல்ல. கென்டக்கியில அரை மணித்தியாலத்துல போயிடலாம். ஒரே மாதிரி தடைதான், ரோடு இருக்கிற இடத்துல ஒரு மாதிரி, ரோடு இல்லாத இடத்துல வேற மாதிரி. உங்க கேள்விக்குப் பதில் எனக்கு இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் கிடைச்சுச்சு.

தென்னாபிரிக்காவுல 2020 ஜூலை 12ஆம் திகதி ராத்திரியோட ராத்திரியா நாடு பூரா மது விற்பனைய நிப்பாட்டினாங்க, கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் வேணும்னு. காயப் பிரிவுகள் கிட்டத்தட்ட வெறுமையாயிருச்சு, அங்க வேல செஞ்ச டொக்டர்மார் எழுதினத நான் வாசிச்சேன், எனக்கு நம்பவும் முடிஞ்சது. ஆனா அதே ராத்திரி ஊரடங்கும் போட்டாங்க, ஆக வண்டியும் குறைஞ்சது, எது எவ்வளவு செஞ்சதுன்னு பிரிக்கிறதுல இன்னும் வாதம் இருக்கு. நம்ம நாட்டுலயும் 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டு கடைய எல்லாம் அடைச்சாங்க, ரோட்டுல வண்டியே இல்லாத நேரத்துல விபத்து குறைஞ்சத வச்சு சாராயக்கடை மூடினதாலன்னு சொல்ல முடியாது. மனுவுல யாராவது அந்த உதாரணத்த எழுதினா எடுத்திருங்க, அத ஒரு ஓபிசர் ஒரே நிமிஷத்துல உடைச்சிடுவார்.

இந்தியாவுல உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர்ல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடையே இருக்கக் கூடாதுன்னு, 2017 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறை. நோக்கம் நேரா ரோட்டுப் பாதுகாப்புதான். என்ன நடந்துச்சுன்னா பல மாநிலங்கள் நெடுஞ்சாலைய உள்ளூர் ரோடுன்னு பேர் மாத்திருச்சு, கேரளாவுல ஒரு பார்ல வாசலுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற பாதை கட்டி நடக்கிற தூரத்த 500 மீட்டராக்கினாங்க, அப்புறம் சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர்னு குறைச்சு, நகரசபை எல்லைக்குள்ள இருக்கிற கடைகளுக்கு விலக்கும் குடுத்தாங்க. தூரத்த மட்டும் சட்டத்துல எழுதினா அத அளக்கிற விதத்த மாத்திக்குவாங்கன்னு எனக்கு அதுல புரிஞ்சது.

நம்ம கையில இருக்கிற தடைன்னா பௌர்ணமிக்கு வர்ற போயா நாள்தான், மாசத்துக்கு ஒருநாள் நாடு பூரா மதுக்கடை அடைப்பு. என் அனுபவத்துல போயா ராத்திரி வார்ட்டுக்கு வர்ற குடிகார சண்டக் காயம் குறைவு, அது உண்மை. ஆனா அதுக்கு முதல் நாள் அந்தியில பார் வாசல்ல கியூ நிக்கும், லயத்துல யாராவது ஒருத்தர் பத்துப் போத்தல் வாங்கி வச்சு மறுநாள் கூடுன விலைக்கு விப்பாங்க. ரோட்டு விபத்த வச்சுப் போயாவ அளக்கவும் முடியாது, ஏன்னா டிசம்பர் போயாவுல இருந்து மே வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி ரோட்டுல போயா லீவுக்கு நாட்டோட எல்லா மூலையில இருந்தும் பஸ்ஸும் வேனும் வரும், மலை ரோடு பழக்கமில்லாத டிரைவர்மார், தூக்கமில்லாத டிரைவர்மார். குடி குறையுற அதே நாள்ல வண்டி கூடுது. இந்த ரெண்டையும் பிரிக்காம யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

இன்னொன்னையும் நேர்மையா சொல்லணும். மலையகத்துல மனசு உடைய வச்ச பெரிய விபத்துகள் குடியால நடந்ததுன்னு ஆகல. 2021 மார்ச் 20 பசறையில பஸ் பள்ளத்துல போனது, ரோட்டுல சரிஞ்சு விழுந்த கல்ல எடுக்காம விட்டிருந்த ஒடுக்கமான இடத்துல. 2023 ஜனவரி 20 நானுஓயா, ரதல்லை குறுக்கு ரோட்டு இறக்கத்துல ஸ்கூல் பிள்ளைகள் வந்த பஸ் வேன்லயும் ஆட்டோவுலயும் மோதி ஏழு பேர் போனாங்க. 2025 மே 11 கொத்மலை கெரண்டிஎல்லையில விடியற்காலை பஸ் விழுந்து இருபது பேருக்கு மேல. பிரேக், தூக்கம், கூட்ட நெரிசல், தடுப்புச் சுவர் இல்லாதது, இதெல்லாம் பார் மூடினா மாறாது. குடி கொல்றது பெரும்பாலும் ஒவ்வொருத்தரா, ஆட்டோவுல, பைக்ல, கான் ஓரத்துல, அதனாலதான் அது பேப்பர்ல பெரிசா வர்றதில்ல. எழுத்துலயும் முழுசா வர்றதில்ல. தோட்டத்துல இருந்து அடிபட்டவர எங்ககிட்ட கொண்டு வந்து சேக்க ரெண்டு மூனு மணித்தியாலம் ஆன காலம் இருந்துச்சு, 1990ங்கிற நம்பருக்கு அடிச்சா வர்ற அம்புலன்ஸ் வந்ததுக்கு அப்புறம்தான் அது கொஞ்சம் மாறுச்சு. அந்த நேரத்துக்குள்ள இரத்தத்துல இருந்தது 30, 45 மில்லிகிராம் இறங்கியிருக்கும். டொக்டர் உயிரக் காப்பாத்துறதா மணத்துப் பாத்து போர்ம் நிரப்புறதா? அதனால குடியால நடந்ததுன்னு எழுத்துல வர்ற எண்ணிக்கை உண்மைய விடக் குறைவாத்தான் இருக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

இப்ப உங்க சந்திக்கு வருவோம். பார் மூடினா இப்ப குடிக்கிற எல்லாரும் டவுனுக்குப் போக மாட்டாங்க, அது உங்க அண்ணன் விடுற பிழை. வேல முடிஞ்சு வர்ற வழியில இருக்குங்கிறதுக்காக மட்டும் உள்ள போறவங்க நிறைய, ஆட்டோக் காசும் குடுத்துப் பதினோரு கிலோமீட்டர் போறதுக்கு அவங்க யோசிப்பாங்க, சம்பள நாள்லயும் ஞாயித்துக்கிழமையும் மட்டும்னு சுருங்குவாங்க. அந்தச் சுருக்கத்துல வீட்டுக்கு வர்ற நன்மை நிச்சயம், அடி குறையும், சம்பளத்துல கொஞ்சம் மிஞ்சும், அரிசி வரும். இது ரோட்டுக் கணக்கு இல்ல, ஆனா மனுவுல இதுதான் முதல் வரியா இருக்கணும், ஏன்னா இதுல நீங்க நிக்கிற தரை கெட்டி. மாதர் சங்கம் விடுற பிழை என்னன்னா, இருபது நிமிஷம் தேயிலைக்குள்ள நடந்து வீட்டுக்கு வந்த ஆள், இனிமே ராத்திரியில, பென்ட் ரோட்டுல, நாலு பேர் நெருக்கிக்கிட்டு, குடிச்ச ஒருத்தன் ஓட்டுற ஆட்டோவுல வரப் போறான்ங்கிறத நினைக்கல. குடிக்கிறவங்க எண்ணிக்கை குறையும், குடிச்சவன் ஒருத்தன் ரோட்டுல போற தூரம் கூடும். எது கூடன்னு தீர்மானிக்கிறது அந்த ரோடும், வண்டிய யார் ஓட்டுறாங்கங்கிறதும்தான். பைக் வச்சிருக்கிற இளம் பிள்ளைகள் உங்க தோட்டத்துல நிறைய இருந்தா எனக்குப் பயம் கூட, வயசானவங்கதான் குடிக்கிறாங்கன்னா பயம் குறைவு, அவங்க பெரும்பாலும் வீட்டோட இருந்துடுவாங்க. ஆனா வீட்டோட இருக்கிறவங்களத் தேடி கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம் வரும். ஓடையோரம் அதக் காய்ச்சுற ஊறல் (கோடா) பெரல் புதைச்சு வைக்கிறது நம்ம ஆட்களுக்குப் புதுசில்ல. ரோட்டுக்கு அது குறைஞ்ச ஆபத்து, உடம்புக்குப் பெரிய ஆபத்து, அதுக்கும் சேத்து மாதர் சங்கம் கண் வைக்கணும்.

அப்ப ரோட்டுச் சாவக் குறைக்கிறதுல உறுதியா வேல செய்யுறது எது? எதிர்பாக்காத நேரத்துல, எதிர்பாக்காத இடத்துல, யாரையும் விடாம ஊதச் சொல்றது. அவுஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல 1982 டிசம்பர்ல அத ஆரம்பிச்சாங்க, ரோட்டுச் சாவு கண்ணுக்குத் தெரியிற மாதிரி இறங்குச்சு, அப்புறம் பல நாட்டுல செஞ்சு பாத்த ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்தவங்க, குடி சம்பந்தப்பட்ட விபத்து சுமார் அஞ்சுல ஒரு பங்கு குறையுதுன்னு சொல்றாங்க. பிடிபட்டவன் எத்தனைங்கிறத விட, "இன்னைக்கு நிப்பாங்களோ"ங்கிற பயம்தான் அதுல வேல செய்யுது. நம்ம நாட்டுலயும் சட்டம் மெலிசு இல்ல, குடிச்சு ஓட்டினா குறைஞ்சது 25,000 ரூபா தண்டம், லைசன் ஒரு வருஷம் வரைக்கும் போகும், 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கவே கூடாதுன்னு 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்துலயே இருக்கு. பலூனோட குழாய்க்குள்ள மஞ்சளா இருக்கிறது பச்சையானா ஆட்டோக்காரனுக்கு அன்னைக்கோட பொழப்பு போச்சு, அது அவனுக்கும் தெரியும். ஆனா எந்தப் பாலத்துக்கிட்ட நிப்பாங்க, எத்தனை மணிக்குக் கிளம்புவாங்கன்னு எல்லா ஆட்டோக்காரங்களுக்கும் தெரிஞ்சிருந்தா அது சோதனையே இல்ல, ஒருத்தன் போன்ல சொன்னா எல்லாரும் கீழ் ரோட்டால போயிடுவாங்க. உங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க, அவர் சொல்லுவார்.

கையெழுத்து போடுங்க தங்கச்சி. நான் உங்க இடத்துல இருந்தா போடுவேன், ஆனா மனுவ அப்படியே போக விட மாட்டேன். முதல் வரிய மாத்தச் சொல்லுங்க, குடும்பமும் பிள்ளைகளும் முதல்ல வரட்டும். அதுக்குக் கீழ, இந்த லைசன்ஸ டவுனுக்குப் போற ரோட்டுல வேற எங்கயும் மாத்தக் குடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க, ஏன்னா மூடின கடை ஆறு மாசத்துல நாலு கிலோமீட்டர் தள்ளித் திறந்தா அதுதான் ரெண்டு பக்கத்துக்கும் கெட்டது, நடக்க முடியாத தூரம், ஆட்டோவுல சுலபமான தூரம். 2024ல மலையகத்துலயும் புது லைசன்ஸ் குடுத்தது பெரிய பேச்சாகி, அந்த வருஷ டிசம்பர்ல பாராளுமன்றத்துலயே பட்டியல் வைக்க வேண்டி வந்துச்சு, அதனால இப்ப கேட்டா காது குடுப்பாங்க. அடுத்து, பார் மூடுற நாள்ல இருந்து 10ஆம் திகதிக்கும், அட்வான்ஸ் நாளுக்கும், தீபாவளி, பொங்கல், சித்திரைப் புதுவருசத்துக்கும் டவுன் ரோட்டுல நேரம் மாத்தி மாத்தி பலூன் சோதனை வேணும், காலைல ஸ்கூல் வேன் நேரத்துலயும் ஒருக்கா வேணும்னு எழுதுங்க. டவுன்ல இருந்து உங்க பக்கம் வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க, அது அந்தி ஆறரைக்கே முடிஞ்சிடுதுன்னா எட்டு மணிக்கு ஒரு பஸ் கேளுங்க. இது குடிகாரனுக்கு பஸ் கேக்கிறதுன்னு யாராவது சொல்லுவாங்க. டவுன் கடையில வேல முடிஞ்சு வர்ற பிள்ளைகளுக்கும் அதே பஸ்தான், குடிச்சவன் ஆட்டோவ விட்டு பஸ்ல ஏறினா அவனும் வீடு வந்து சேருவான்.

மனுவ பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் ரெண்டுக்கும் குடுங்க, லைசன்ஸ் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிறது, டிசம்பர் முடியுறதோட காலாவதியாகும், அதனால செப்டம்பர், ஒக்டோபர்லயே போய்ச் சேரணும், ஜனவரியில குடுத்தா ஒரு வருஷம் போச்சு. அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்க கையில இருக்கு, உங்க பகுதி பொலிஸுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்க: சந்தியில இருந்து டவுன் வரைக்கும் கடைசி மூனு வருஷத்துல நடந்த விபத்து ஒவ்வொன்னும் எந்த இடத்துல, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன வண்டி, சாரதிக்கு மதுசாரச் சோதனை செஞ்சாங்களா. பேர் கேக்காதீங்க, பேர் குடுக்க மாட்டாங்க, தேவையும் இல்ல. வேல நாள் பதினாலுக்குள்ள முடிவு சொல்லணும். வந்ததும் உங்க அண்ணனக் கூட்டிக்கிட்டு அந்தப் பதினோரு கிலோமீட்டரையும் ஒரு பகல்ல ஆட்டோவுல மெதுவாப் போய்ப் பாருங்க, எந்த பென்டுல தடுப்புச் சுவர் இல்ல, எங்க லைட்டு இல்ல, எங்க ரோடு உடைஞ்சிருக்குன்னு குறிச்சு, விபத்து நடந்த இடத்தோட சேத்து ஒரு தாள்ல வரைஞ்சு மனுவோட குத்துங்க. நுவரெலியா மாவட்டத்துல இதெல்லாம் தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம், வாங்கினதுக்கு எழுத்துல ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டுத்தான் கவுன்டர விட்டு வரணும்.